கடைசியில் நிற்கும் காடு

குழலி என்று எல்லோரும் கூப்பிடும் குழல்மொழி அந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், திரையைத் துப்பட்டாவால் துடைத்ததுதான். ஆனைமலையில் மழைக்காலத்தில் எந்தக் கண்ணாடியில்தான் ஈரம் படியாமல் இருக்கிறது? அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் நானூற்றுப் பன்னிரண்டுதான்.

“அடேய் சடையா, இங்க வாடா. இது எவ்வளவுன்னு படி.”

வனக்காவலர் சடையன் வாசலில் உட்கார்ந்து கால் முழுக்க மூக்குப்பொடி தடவிக்கொண்டிருந்தான். யானைக்கு எதிரே நின்று கைதட்டி விரட்டுகிற ஆள்தான். அட்டைக்கு மட்டும் அப்படியொரு பயம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தான்.

“நானூத்திப் பன்னெண்டு. என்னக்கா இது, சந்தைக்கு வர்ற காய்கறி கூட இதை விடச் சாஸ்தியா இருக்குமே.”

“மந்திப்பள்ளத்துல மொத்தமே இத்தனை வகை உயிர்தான் இருக்குதாம்டா. மோப்பி சொல்லுது.”

மோப்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பார்ப்பதற்கு மாவாட்டுகிற கிரைண்டர் மாதிரி இருக்கும். காட்டுக்கு நடுவில் வைத்துவிட்டால் போதும். காற்றை இழுக்கும், ஓடைத் தண்ணீரை உறிஞ்சும், மண்ணை நக்கிப் பார்க்கும். எந்த உயிரும் ஒரு மயிரிழை, ஒரு செதில், ஒரு துளி எச்சம் உதிர்க்காமல் நடமாட முடியாதல்லவா? அந்தத் துணுக்கை வைத்தே இது மரநாய், இது மின்மினி, இது காளான் என்று எழுதிக்கொண்டே போகும். ஒரு மாதம் கழித்து எத்தனை வகை என்று ஒரே எண்ணாகச் சொல்லும்.

உலக வனக் கழகம் என்று ஒன்று உண்டு. பூமியில் இடநெருக்கடி முற்றிப்போன பிறகு வந்தது. எல்லா நாட்டுக் காட்டையும் மோப்பியால் அளப்பது, வந்த எண்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவது, கடைசியில் நிற்கும் ஐந்தில் ஒரு பங்கைப் ‘பயன்பாட்டுப் பட்டியலில்’ சேர்ப்பது, மிச்சமுள்ளதைப் பத்து வருடத்துக்கு யாரும் தொடாமல் விடுவது. இதுதான் ஏற்பாடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ரேங்க் போடுவதும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும், கடைசி ரேங்க் வாங்கிய பிள்ளையிடம் போய்க் கேட்காத வரைக்கும்.

இந்த முறை அறுநூறுக்குக் கீழே வந்த காடுகள் எல்லாம் பட்டியலில் விழும் என்று காலையிலேயே தகவல் வந்திருந்தது. அப்படியென்றால் மந்திப்பள்ளத்தில் அடுத்த மாதம் ரம்பம் இறங்கும். நாலு சதுர கிலோமீட்டரையும் மொட்டையடித்துச் சூரியக் கண்ணாடிகளை நிறுத்துவார்கள்.

இதில் குழலியின் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மந்திப்பள்ளத்தை அளக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து சதுர கிலோமீட்டருக்குக் குறைவான காடுகளுக்கு விலக்கு இருந்தது. கோயம்புத்தூரில் நடந்த கூட்டத்தில், “சின்னக் காடுகள் யாராவது தானாக முன்வருகிறீர்களா?” என்று அதிகாரி சும்மா ஒப்புக்குக் கேட்டார். குழலி எழுந்தாள்.

“எங்க மந்திப்பள்ளத்துல கொண்டாந்து வைங்க சார். எண்ணி முடியாம உங்க மெஷினே சாமியாராப் போயிரும்.”

மண்டபமே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மயங்கி அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள். பதினோரு வருடமாக அந்தக் காட்டு நிலையத்தின் காப்பாளர் அவள். கல்யாணம் கூடாமல் போனதற்கு அம்மா அந்தக் காட்டைத்தான் திட்டுவாள். அந்தக் காட்டை இப்போது தன் வாயாலேயே ரம்பத்துக்குக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று நினைத்ததும் குழலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள். சடையனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

“அக்கா, மேல்முறையீடுன்னு ஒண்ணு இருக்குதில்ல? அதைப் போடுங்க. அழுதா நம்பர் ஏறுமா?”

போட்டாள். பன்னிரண்டாம் நாள் நார்வேயிலிருந்து பரிசோதகர் வந்து இறங்கினார்.

வெள்ளைக்காரர் வருவார் என்று சடையன் நாலு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஜீப்பிலிருந்து இறங்கியவர் நம்மூர் நிறத்தில், நாற்பத்தெட்டு வயதில், முன்வழுக்கையோடு, முதுகில் பெரிய பையோடு நின்றார்.

“வணக்கம். நிரோஷன். நிலையத்துக்குப் பொறுப்பான ஆள் நீங்கள்தானோ? பாதை சரியான மோசம். வயித்தைப் பிரட்டிப்போட்டுது.”

சடையன் குழலியின் காதருகில் குனிந்தான். “தமிழாக்கா இது?”

“இலங்கைத் தமிழ்டா. நார்வே வழியா வந்திருக்குது.”

நிரோஷனின் அப்பா பத்தொன்பது வயதில் கிளிநொச்சியிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நார்வேக்குப் போனவர். அங்கே கல்மோ என்ற காட்டில் மரக்கன்று நடும் வேலை. நிரோஷன் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் அந்தக் காட்டின் ஓரத்தில்தான். சாப்பாட்டு வேளைக்குள் இதையெல்லாம் அவரே சொல்லிவிட்டார். மனிதர் கலகலப்பாகத்தான் இருந்தார். வேலை என்று வந்தால் மட்டும் முகம் இறுகிவிடும்.

அளந்து முடித்து நிலையத்துக்குத் திரும்பியிருந்த மோப்பியை முதல் நாள் முழுக்கக் கழற்றி மாட்டினார். குழாய் அடைப்பு இல்லை, சல்லடை கிழியவில்லை, முத்திரை உடையவில்லை.

“மிஷினில ஒரு பிழையும் இல்லை,” என்றார் சாயங்காலம்.

“அப்ப காட்டுலதான் தப்புங்கறீங்களா?” என்று குழலி வெடுக்கென்று கேட்டாள்.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“உங்க கல்மோ எவ்வளவுங்க வாங்குச்சு?”

நிரோஷன் கொஞ்சம் தயங்கினார். “ஆயிரத்து முன்னூற்று நாப்பத்தாறு.”

“அங்க எத்தனை வகை மரம்?”

“பெரிய மரமெண்டால்... ஸ்ப்ரூஸ்தான். ஊசியிலை மரம். அங்கொண்டும் இங்கொண்டுமா பைன், பேர்ச். அவ்வளவுதான்.”

“ஒரே மரமா? சவுக்குத் தோப்பு மாதிரியா? அதுக்கு ஆயிரத்து முன்னூறு, எங்க காட்டுக்கு நானூறா? இதென்ன சார் அக்கிரமமா இருக்குது!”

“அக்கா, மெதுவா,” என்றான் சடையன்.

மெதுவாவாவது ஒன்றாவது. மறுநாள்தான் கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசை முடிவாகி உலகம் முழுக்க வெளியாகிவிடும். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு யார் தலைகீழாக நின்றாலும் மாறாது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. “மிஷினைப் பாத்தாச்சு. காட்டையும் ஒருக்கா வடிவாப் பாப்பம்,” என்று நிரோஷன் கிளம்பினார். சடையன் முன்னால், நிரோஷன் நடுவில், குழலி பின்னால். அரை மணி நேரத்துக்குள் நிரோஷனின் காலில் ஏழு அட்டைகள். அவர் சாவகாசமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். சடையன் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பள்ளத்தில் இறங்கும் இடத்தில் நிரோஷன் ஒரு மரத்தடியில் நின்றார். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ.

“இது நல்ல வடிவா இருக்குது. இதின்ர இலையை இன்னொரு மரத்தின்ர இலையோட ஒப்பிட்டுப் பாக்கவேணும். இதே மரம் இன்னொண்டைக் காட்டுங்கோ, போற வழியில பாத்திட்டுப் போவம்.”

சடையன் தலையைச் சொறிந்தான். “இதே மரமுங்களா? வெடிப்பலா கேளுங்க, இந்தா காட்டறேன். நாங்கு கேளுங்க, அந்தா நிக்குது. இந்த மரம் இன்னொண்ணு... அந்தக் கரட்டு மேடு தாண்டி ஒண்ணைப் பார்த்த ஞாபகம். நாலு வருசம் ஆச்சுங்க.”

“பகிடி விடாதேங்கோ.”

“நெசமாத்தானுங்க.”

நிரோஷன் நம்பவில்லை. அடுத்த மரத்தைக் காட்டி அதற்கு ஜோடி கேட்டார். அதற்கும் பக்கத்தில் ஜோடி இல்லை. அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று மதியம் தாண்டும் வரை மூவரும் ஜோடி தேடி அலைந்தார்கள். பொதுவான நாலைந்து மரங்களை விட்டால், மிச்சமெல்லாம் தனிக்கட்டைகள். ஒவ்வொன்றும் தன் இனத்தில் தான் ஒருத்தன்தான் என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

“ஏனிப்படி?” என்றார் நிரோஷன். மூச்சு வாங்கியது.

குழலிக்கு இது தினசரிப் பாடம். “இங்க வெயிலுக்கும் பஞ்சமில்ல, மழைக்கும் பஞ்சமில்ல. எது வேணாலும் முளைக்குமுங்க. ஆனா எதை வேணாலும் தின்ன ஒருத்தன் காத்துட்டு இருப்பான். ஒரு மரத்தோட கொட்டை அதோட காலடியிலயே விழுந்துதுன்னு வைங்க, தாய் மரத்தைத் தின்னுட்டு இருக்கற புழுவே குட்டியையும் முடிச்சுரும். தள்ளிப்போய் விழற கொட்டைதான் பிழைக்கும். அதனால ஒரே வகை கூட்டமா நிக்கவே முடியாதுங்க. பூச்சியும் அப்படித்தான், காளானும் அப்படித்தான். வகை ஏராளம். வகைக்கு ஆள்தான் கம்மி.”

“எங்கட பக்கம் மற்ற மாதிரி,” என்று நிரோஷன் மெல்லச் சொன்னார். “ஆறு மாசம் பனி. அதில உயிரோட நிக்கிற வித்தை தெரிஞ்சவை கொஞ்சப் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சப் பேர் லட்சக்கணக்கில நிப்பினம். ஒரு மரத்தைப் பாத்தால் முழுக் காட்டையும் பாத்த மாதிரி. ஒரு வண்டைப் பிடிச்சால் அதின்ர தம்பிமார் நூறு பேர் பக்கத்திலயே...”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் வெளிறிப் போயிற்று. பக்கத்திலிருந்த பாறையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“சார்? தண்ணி வேணுங்களா?”

“மூண்டு தரம்,” என்றார்.

“என்னங்க?”

“மோப்பியில ஒரு விதி இருக்குது. ஒரு உயிரை ஒரு மாசத்துக்குள்ள மூண்டு தரமாவது மோப்பம் பிடிச்சால்தான் கணக்கில எடுக்கும். ஒருதரம், ரெண்டு தரம் எண்டால் அது பிழையெண்டு தூக்கி எறிஞ்சுபோடும். காத்தில பறந்து வந்த தூசி, ஆரின்ரயோ சட்டையில ஒட்டி வந்த மகரந்தம், அப்பிடியான குப்பையளைத் தவிர்க்கத்தான் அந்த விதி. கல்மோவில மோப்பியைப் பரிசோதிக்கேக்க அது அருமையா வேலை செஞ்சுது. அங்க ஒருதரம் மட்டும் அகப்படுறது உண்மையிலேயே குப்பைதான்.”

குழலிக்குப் புரியத் தொடங்கியது. புரியப் புரிய உடம்பெல்லாம் கொதித்தது. “எங்க காட்டுல எல்லாமே ஒருக்காத்தானுங்க அகப்படும்! எந்த மடையன் எழுதின விதி இது?”

நிரோஷன் நிமிர்ந்து பார்த்தார். “நான்தான். இருபத்தாறு வயசில எழுதினது. அதுக்குப் பரிசு கூடத் தந்தவை.”

குழலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலில் அட்டை ஏறியிருப்பதைக் கூடக் கவனிக்காமல் சடையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“தூக்கிப் போட்டதெல்லாம் எங்கீங்க போகும்?” என்று கடைசியில் அவன்தான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டான்.

“மிஷினுக்குள்ளயே ஒரு பிழைத்தொட்டி இருக்குது. வரிசை வெளியானவுடன அழிஞ்சுபோடும்.”

மூவரும் மேட்டில் ஏறிய வேகத்தைப் பார்த்திருந்தால் மந்திகளே சிரித்திருக்கும். நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. நிரோஷன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பரிசோதகர்களுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லைப் போட்டுத் தொட்டியைத் திறந்தார்.

பத்தொன்பதாயிரத்து இருநூற்றாறு.

“யப்பே!” என்றான் சடையன்.

குழலி பட்டியலைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். பாதிக்கு மேல் பெயரே இல்லை. பெயரிடாத பூஞ்சை, ஒரு முறை. பெயரிடாத அந்துப்பூச்சி, ஒரு முறை. பெயரிடாத சிலந்தி, இரண்டு முறை. நடுவில் ஒரு தவளை வந்தது. பதினோரு வருடத்தில் மூன்றே தடவை அதன் குரலை அவள் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை கூடக் கண்ணால் பார்த்ததில்லை. யாரிடமாவது சொன்னால், மழைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உளறுகிறாள் என்பார்கள். அந்தத் தவளை ஒரே ஒரு துணுக்குத் தோலைத் தண்ணீரில் விட்டுப் போயிருக்கிறது. குழலி மறுபடி அழுதாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே அழுததால் சடையன் பயப்படவில்லை.

“இப்ப என்ன செய்யோணுமுங்க? சீக்கிரம் சொல்லுங்க!”

“மேல்முறையீட்டில விதியே பிழையெண்டு தெரிஞ்சால், அதைத் திருத்திற அதிகாரம் பரிசோதகருக்கு இருக்குது. நான் ஒப்புப் போடவேணும், நிலையத்துக்குப் பொறுப்பான ஆளும் ஒப்புப் போடவேணும். போட்டால் இந்த ஒரு காட்டுக்கு மட்டுமில்லை, உலகத்தில எல்லா மோப்பியின்ர தொட்டியும் கணக்கில சேரும். காங்கோ, போர்னியோ, அமேசான், எல்லாம்.”

“அப்பப் போடுங்க சார்!”

நிரோஷன் திருத்தத்தை எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. எழுதி முடித்து, பெருவிரலை ஒப்புக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோனவர் அப்படியே இருந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பாவம், ஊரெல்லாம் பரிசு கொடுத்துப் பாராட்டிய விதியைத் தன் கையாலேயே தப்பு என்று எழுத மனசு வருமா என்று குழலி நினைத்தாள்.

“கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமோ?” என்றார்.

சடையன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். ஒரே மடக்கில் குடித்துவிட்டு நிரோஷன் விரலை அழுத்தினார். எழுந்து, “இனி உங்கட முறை. வடிவா வாசிச்சுப்போட்டு ஒப்புப் போடுங்கோ,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் முற்றத்தில் நின்றார்.

மணி ஐந்து இருபது. திரையில் ‘திருத்தத்துக்குப் பின் வரிசை’ விரிந்தது. பழக்கதோஷத்தில் குழலி கீழிருந்துதான் தேட ஆரம்பித்தாள். மந்திப்பள்ளம் கீழே இல்லை. தள்ளிக்கொண்டே போனாள், போனாள், உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. பத்தொன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு! அமேசானிலிருந்து ஒரே ஒரு பக்கம் கீழே. கோயம்புத்தூர்க் கூட்டத்தில் அவள் அடித்த சவடால் அப்படியே பலித்துவிட்டது.

விரலை வைக்கப் போனவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. நாம் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்? வெறும் வேடிக்கை பார்க்கும் ஆசைதான். மறுபடி கீழே போனாள். வெட்டு விழும் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே பெயர்களெல்லாம் மாறியிருந்தன. குளிர் நாடுகளாகவே வந்தன. கனடா, சைபீரியா, பின்லாந்து. கோட்டுக்கு நாலு வரி கீழே கல்மோ, நார்வே. ஆயிரத்து முன்னூற்று எழுபத்தேழு. அங்கிருந்த தொட்டியில் மொத்தமே முப்பத்தொன்றுதான் கிடைத்திருக்கிறது.

குழலி வெளியே வந்தாள். நிரோஷன் ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்க காடு கீழ போயிருச்சுங்க.”

“ஓம்.”

“தெரிஞ்சுதான் கைநாட்டுப் போட்டீங்களா?”

“பாறையில இருக்கேக்கயே தெரியும். வரிசை போடுற விதியும் எனக்குத் தெரியுமெல்லோ? இஞ்ச ஏறினால் அங்க இறங்கத்தானே வேணும்.”

“பின்ன ஏனுங்க போட்டீங்க? உங்கப்பா நட்ட மரமுங்க!”

“நாலாயிரம் மரம்,” என்றார் நிரோஷன். “அந்தாள் செத்து ஒன்பது வருசம். ஞாயிற்றுக்கிழமையில அங்க போய் நடக்கிறனான். ஆனால் இருபத்திரண்டு வருசமா நான் எழுதின ஒரு வரி, இஞ்ச இருக்கிற பத்தொன்பதாயிரம் உயிரை இல்லையெண்டு சொல்லிக்கொண்டு இருந்திருக்குது. தெரிஞ்சாப் பிறகு பேசாமல் போய் அந்த மரத்தடியில எப்பிடி நடக்கிறது, சொல்லுங்கோ?”

குழலிக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. “இதென்ன சார் வரிசை! வரிசைன்னு ஒண்ணு போட்டா எவனாச்சும் ஒருத்தன் கடைசியில நின்னுதான ஆகோணும்? அவனை வெட்டிப்போட்டா அடுத்தவன் கடைசி!”

“இதை நான் கழகத்துக்கு எழுதியிருக்கிறன். ஆறு மணிக்குள்ள வாசிக்க மாட்டினம்.”

“நீங்க மேல்முறையீடு போடுங்க.”

“சொந்த ஊருக்குப் பரிசோதகர் போடக்கூடாது. கல்மோ நிலையத்துக்குப் பொறுப்பான ஆள் போடலாம். அங்க இப்ப நடுப்பகல், ஆள் எங்கயோ காட்டுக்குள்ள நிக்கும். தன்ர காடு கீழ போனது அவருக்குத் தெரியவே தெரியாது.”

மணி ஐந்தே முக்கால். குழலி உள்ளே போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒப்புப் போடாவிட்டால் மந்திப்பள்ளம் போகும். அந்தத் தவளை போகும். அதோடு காங்கோவும் போர்னியோவும் போகும். போட்டால் ஒரு மனிதரின் அப்பா நட்ட நாலாயிரம் மரம் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். அவளுக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனாலும் மந்திப்பள்ளத்தை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது, எந்த ஜென்மத்திலும் முடியாது. அழுத்தினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. சடையன் கைதட்ட ஆரம்பித்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

“சார், உள்ள வாங்க,” என்று குழலி கத்தினாள். “நிலையக் காப்பாளர் மேல்முறையீடு போடலாம்னு சொன்னீங்கல்ல? அவரவர் காட்டுக்குத்தான் போடோணும்னு விதியில இருக்குதா?”

நிரோஷன் வாசலில் நின்று யோசித்தார். “அப்பிடி... எழுதேல்லை. அடுத்த ஆளின்ர காட்டுக்கு ஆர் போடப் போகினமெண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை.”

“போட்டா என்ன ஆகும்?”

“ஒரு பரிசோதகர் போய்ப் பாத்து அறிக்கை குடுக்கும் வரைக்கும் வெட்டேலாது. ஆனால் மேல்முறையீடு போட்ட ஆளும் கூடப் போய்ச் சாட்சி சொல்லவேணும். அங்க இனிக் குளிர் தொடங்கப் போகுது. இருபது பாகை மைனஸில நிக்கவேணும்.”

குழலி வால்பாறையைத் தாண்டிய குளிரைப் பார்த்ததில்லை. அவளிடம் இருந்ததே ஒரு ஸ்வெட்டர், அதிலும் முழங்கையில் ஓட்டை. படிவத்தைத் திறந்தாள். ஐந்து ஐம்பத்திரண்டு.

காடு: கல்மோ, நார்வே. மேல்முறையீடு செய்பவர்: குழல்மொழி, காப்பாளர், மந்திப்பள்ளம். அடுத்த கட்டத்தில், ‘காரணம்’ என்றிருந்தது. அங்கே கை நின்றது. எண்ணிக்கை குறைவு என்று எப்படி எழுதுவது? எண்ணிக்கை உண்மையிலேயே குறைவுதானே.

“சார், உங்க ஊசியிலை மரம் பூராம் போயிருச்சுன்னா அந்த இடத்துல யாருங்க நிப்பாங்க?”

“ஒருத்தரும் இல்லை. அந்தப் பனியில அப்பிடிக் காடாய் நிண்டு மற்றதுகளுக்கு நிழல் குடுக்க அது ஒண்டுக்குத்தான் தெரியும். அது போனால் வெளிதான்.”

“இங்க ஒரு மரம் விழுந்தா, அந்த வெளிச்சத்துக்குப் பத்துப் பேரு முட்டி மோதிட்டு வருவான்,” என்றான் சடையன்.

குழலி வேகவேகமாக அடித்தாள்: ‘இந்தக் காட்டில் ஒரு மரம்தான் இருக்கிறது. லட்சம் தடவை இருக்கிறது. எங்கள் காட்டில் ஒன்று போனால் அந்த இடத்துக்கு வரப் பத்து பேர் உண்டு. இங்கே மாற்று ஆள் கிடையாது. இரண்டையும் ஒரே எண்ணால் அளந்தது தப்பு.’

ஐந்து ஐம்பத்தாறு. நிரோஷன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். மூக்கை உறிஞ்சினார்.

கடைசியாக ஒரு கட்டம் மிச்சமிருந்தது. அதை நிரப்பாமல் படிவம் நகராது என்றது. ‘இந்தக் காட்டுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?’

“வேலை சம்பந்தமா எண்டு போடுங்கோ,” என்றார் நிரோஷன். “கெதியா. நேரம் இல்லை.”

“சும்மா இருங்கண்ணா,” என்றாள் குழலி.

அவள் அந்தக் கட்டத்தில், ‘இதைக் கீழே தள்ளியது நான்’ என்று அடித்து, அனுப்பினாள்.